இளமையின் காயமும் செயலின் பொறுப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



இளமையில் கொடுமைக்கு ஆளான ஒருவன் வளர்ந்தபின் ஒரு கொலையைச் செய்துவிடுகிறான். அவன் பட்ட துன்பம் அவன் செய்த கொலைக்கு மன்னிப்பாகுமா? அன்றி, எத்துன்பம் பட்டிருப்பினும் செய்தவனே செயலுக்குப் பொறுப்பு என்று முடித்துவிடலாமா? பட்டிமண்டபத்தில் இரண்டு அணிகளாகப் பிரிந்து கைதட்டல் பெறுவதற்கு ஏற்ற தலைப்பாக இது தோன்றலாம். ஆயினும், தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்வோர்க்கு இது மேடையோடு நின்றுவிடும் பொருளன்று. தாம்பரத்தில் மின்தொடர் வண்டியில் ஏறினால் ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் செங்கற்பட்டு வந்துவிடும். அவ்வூரின் நீதிமன்றத்தில் ஒரு காலத்திலும், அவ்வூரின் சிறுவர் இல்லத்தில் மற்றொரு காலத்திலும் இவ்வினா வெவ்வேறு முகங்களோடு எழுந்தது. அவ்விரண்டையும் அருகருகே வைத்து, இலக்கியத்தின் துணைகொண்டு எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

திருவான்மியூர் வழக்கு

சென்னையின் தென்பகுதிக் கடற்கரை ஊரான திருவான்மியூரின் பெயர் 1980களின் இறுதியில் ஒரு கொடிய வழக்கினால் நாடெங்கும் பேசப்பட்டது. ஆட்டோ சங்கர் என்று அறியப்பட்ட கௌரி சங்கர் மீது ஆறு கொலைகளுக்காக வழக்கு நடைபெற்றது. செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றம் 1991 மே 31 அன்று அவருக்கு மரண தண்டனை விதித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 1992 ஜூலை 17 அன்று அதனை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் 1994 ஏப்ரல் 5 அன்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இலக்கிய அன்பர்கள் கருதத்தக்க செய்தி இவ்வழக்கின் மற்றொரு பகுதியில் இருக்கிறது. சிறையிலிருந்தபோது சங்கர் தம் வாழ்க்கை வரலாற்றை ஏறத்தாழ 300 பக்க அளவில் எழுதியதாகவும், அதில் உயர் அதிகாரிகள் சிலரோடு தமக்கிருந்த தொடர்பைக் குறிப்பிட்டிருந்ததாகவும் நக்கீரன் இதழ் கூறிற்று. அதனை வெளியிட இதழ் முனைந்தது. சிறைத்துறை தடுக்க முயன்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. நீதிபதிகள் பி.பி.ஜீவன் ரெட்டி, சுகாஸ் சி.சென் ஆகியோர் 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பளித்தனர். பொது ஆவணங்களில் காணப்படும் அளவிற்கு ஒருவரது வரலாற்றை அவரது இசைவின்றியும் வெளியிடலாம். அதற்கு அப்பால் சென்று தனிமையுரிமையை மீறினால் அதன் விளைவுக்கு வெளியிடுவோர் பொறுப்பாவர். தங்களுக்கு அவதூறு நேருமென்று அஞ்சி அதிகாரிகள் வெளியீட்டை முன்கூட்டியே தடைசெய்ய இயலாது என்பன அத்தீர்ப்பின் சாரம்.

ஒரே ஆண்டில், ஒரே நீதிமன்றத்தில் நிகழ்ந்த இரண்டு செயல்களை இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏப்ரலில் அந்நீதிமன்றம் தண்டனையை நிலைநிறுத்தியது. அக்டோபரில் அம்மனிதரின் கதை அச்சேறும் வழியைத் திறந்தது. இவை முரண்பட்டவையல்ல. ஒருவன் தன் கதையைச் சொல்லலாம் என்பது வேறு. கதையைச் சொல்லிவிட்டதனால் செய்த கொலை இல்லாததாகிவிடும் என்பது வேறு. கதையைக் கேட்க மறுப்பவர் கொலைக்கான காரணத்தை அறியமாட்டார். கேட்டவுடன் மன்னிக்க விரைபவர் கொலையுண்டவரை மறந்துவிடுகிறார். கொலையுண்ட அறுவருக்கும் தம் வரலாற்றை 300 பக்கங்களில் எழுதும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. கொலையாளியின் கதையை எழுதத் தொடங்கும் எழுத்தாளர் எவரும் இவ்வுண்மையைத் தம் மேசையின்மீது வைத்துக்கொண்டே எழுதுதல் வேண்டும்.

சட்டம் கூறுவது

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, மனநலக் குறைவினால் தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறியமாட்டாதவரைக் குற்றப் பொறுப்பினின்று விலக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 22ஆம் பிரிவாகத் தொடர்கிறது. இளமையில் அடிபட்டவர் என்பதற்காக மட்டும் ஒருவரைக் கொலைக்குற்றத்தினின்று விலக்கும் பிரிவு பழைய சட்டத்திலும் இல்லை; புதிய சட்டத்திலும் இல்லை.

எனில் சட்டத்திற்கு இளமையின் காயம் ஒரு பொருட்டே இல்லையா என்றால், உண்டு. அது கேட்கப்படும் இடம் வேறு. குற்றம் செய்தாரா என்னும் வினா முடிந்தபின், எத்தண்டனை தகும் என்னும் வினா தொடங்குகிறது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் தண்டனையின் அளவு குறித்துக் குற்றவாளியைத் தனியே கேட்டல் வேண்டுமென்றும், மரண தண்டனை விதிப்பின் அதற்குரிய சிறப்புக் காரணங்களை எழுதுதல் வேண்டுமென்றும் விதித்தது. பச்சன் சிங் வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தோடு குற்றவாளியையும் நோக்குமாறு பணித்து, அரிதினும் அரிதான வழக்குகளுக்கே மரண தண்டனை உரியது என்று வரையறுத்தது. ஆயினும் பல வழக்குகளில் இவ்விசாரணை ஒரு சடங்காகவே நடைபெற்று வந்தது. எனவே மனோஜ் வழக்கில் 2022 மே 20 அன்று அந்நீதிமன்றம், குற்றவாளியின் இளமைக் குடும்பச் சூழல், அவர் பட்ட வன்முறை, புறக்கணிப்பு ஆகியவை பற்றிய செய்திகளை விசாரணை நிலையிலேயே அரசு திரட்டித் தருதல் வேண்டும் என்று நெறி வகுத்தது.

இதன் பயனைத் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே காணலாம். 2009இல் கடலூர் மாவட்டத்தில், பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவன் பணத்திற்காகக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டான். குற்றவாளிக்கு 2010இல் விதிக்கப்பட்ட மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் 2013இல் உறுதி செய்தது. மறு ஆய்வின்போது, 2023 மார்ச் 21 அன்று, தண்டனையைக் குறைப்பதற்குரிய சூழல்கள் எந்நிலையிலும் முறையாக ஆராயப்படவில்லை என்பதை அந்நீதிமன்றமே எடுத்துரைத்து, தண்டனைக் குறைப்பின்றி 20 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைவாசமாக அதனை மாற்றியது. கொல்லப்பட்டவன் அக்குடும்பத்தின் ஒரே ஆண்மகவு என்பதால் குற்றம் கடுமையுடையதாகிறது என்னும் முந்தைய கருத்தையும் அது ஏற்கவில்லை. கொல்லப்பட்ட குழந்தை ஆணா பெண்ணா என்பதால் கொலையின் கொடுமை மாறுவதில்லை. இங்கே குற்றம் உறுதியாகவே நின்றது. செய்தவர் பொறுப்பு ஒரு நூலிழையும் தளரவில்லை. கேட்கவேண்டியதைக் கேளாமல் உயிரைப் பறித்தல் ஆகாது என்பது மட்டுமே திருத்தப்பட்டது. பொறுப்பும் இரக்கமும் ஒரே தீர்ப்பில் ஒருங்கே இடம்பெற இயலும் என்பதற்கு இது சான்று.

எண்கள் உணர்த்துவது

இளமையின் கொடுமை கொலையை விளைவித்தே தீரும் என்று கூறுவோரும் உளர். இந்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளை வினவியது. அவர்களுள் மூவரில் இருவர் உடல்வழிக் கொடுமைக்கு ஆளானவராயிருந்தனர். அடிபட்டவரெல்லாம் கொலைஞராவர் என்பது மெய்யாயின் இந்நாட்டின் தெருக்களில் எவரும் நடமாட இயலாது.

அடிபடுதலால் விளைவே இல்லை என்று கூறுவோரும் உளர். அமெரிக்க ஆய்வாளர் கேத்தி ஸ்பாட்ஸ் விடம் 1989 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான 908 பேரை ஏனையோரோடு ஒப்பிட்டார். வன்முறைக் குற்றத்திற்காகக் கைதாகும் வாய்ப்பு அவர்களிடையே 38 விழுக்காடு மிகுந்திருந்தது. அதே வேளையில், அவர்களுள் நூற்றுக்கு 26 பேரே சிறார் பருவத்தில் கைதாகியிருந்தனர். எஞ்சியோர், அதாவது நான்கில் மூவருக்கு அணுக்கமானோர், அவ்வாறு கைதாகவில்லை.

இவ்விரண்டு எண்களையும் சேர்த்தே படித்தல் வேண்டும். காயம் வழியைச் சரிவாக்குகிறது. சரிவில் நடப்பவர் விழும் வாய்ப்பு மிகுதி. எனினும் பெரும்பாலோர் விழாமலே நடந்து செல்கின்றனர். தந்தையின் பிரம்படியை நினைவில் சுமந்தவாறே தன் குழந்தைமீது கை ஓங்காமல் வாழும் மனிதர் ஒவ்வொரு தெருவிலும் உளர். இளமைக் கொடுமையை முழு மன்னிப்பாகக் கொள்வது இவர்களது அரிய முயற்சியை இழிவுபடுத்துவதாகும். காயத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவதோ, சரிவை வெட்டியவர்களைத் தப்பவிடுவதாகும்.

அயல்நாட்டு வழக்கு ஒன்றும் இதனை விளக்கும். அமெரிக்காவில் மெனண்டஸ் சகோதரர்கள் 1989இல் தம் பெற்றோரைச் சுட்டுக் கொன்றனர். தந்தையின் பாலியல் கொடுமையால் நேர்ந்த அச்சமே காரணம் என்று வாதிட்டனர். முதல் விசாரணையில் நடுவர் குழுவினர் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை. இரண்டாம் விசாரணையில் கொடுமை பற்றிய சான்றுகள் பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டு, 1996இல் பரோல் விடுதலைக்கு வாய்ப்பற்ற ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் அத்தண்டனை மாற்றப்பட்டு விடுதலை கோரும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. ஆயினும் அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இருவரது வேண்டுகோளும் மறுக்கப்பட்டது. முப்பத்தாறு ஆண்டுகள் கடந்தும் அந்நாடு இருபுறமும் ஒரு சேரக் கேட்க முயன்றுகொண்டிருக்கிறது. குற்றம் நிகழ்ந்தபின் இவ்வினாவுக்கு முழுமையான விடை எந்நாட்டு நீதிமன்றத்திலும் எளிதாகக் கிடைப்பதில்லை. குற்றம் நிகழுமுன்னரே கேட்கப்பட வேண்டிய வினா இது.

செங்கற்பட்டுச் சிறுவர் இல்லம்

இவ்விடத்தில் செங்கற்பட்டுக்கு மீண்டும் செல்லவேண்டியுள்ளது. 2022 டிசம்பர் இறுதியில், இரயில்வே பொருளைத் திருடியதாகப் பிடிக்கப்பட்ட தாம்பரம் பகுதியைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன் செங்கற்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்திற்கு அனுப்பப்பட்டான். டிசம்பர் 31 அன்று அவன் இறந்தான். அவனைத் தாக்கியதாக அவ்வில்லத்தின் பணியாளர்களுள் அறுவர் கொலை வழக்கில் கைது செய்யப்பட்டனர். பின்னர் இத்தகைய இல்லங்களைச் சீர்செய்வதற்கான பரிந்துரைகளை அளிக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவைத் தமிழக அரசு அமைத்தது. அக்குழு 2023இல் தன் அறிக்கையை அளித்தது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சட்டத்தோடு முரண்பட்ட சிறுவனுக்குப் புதிய தொடக்கம் உண்டு என்பதைத் தன் கொள்கையாகக் கூறுகிறது. அதன் 75ஆம் பிரிவு குழந்தையைக் கொடுமைப்படுத்துதலைத் தண்டிக்கிறது. குழந்தையைக் காக்கும் நிறுவனத்தின் பணியாளரே அதனைச் செய்தால் ஐந்தாண்டு வரை கடுஞ்சிறையும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு என்கிறது. எழுத்தில் இதற்குமேல் என்ன வேண்டும்? ஆயினும் புதிய தொடக்கத்திற்கென அனுப்பப்பட்ட இடத்தில் ஒரு சிறுவனின் வாழ்வு முடிந்தது.

தனிமனிதப் பொறுப்பு என்னும் சொல்லை உரத்துக் கூறுவோர் இவ்விடத்தில்தான் தம் குரலைத் தாழ்த்தலாகாது. இருபத்தைந்து வயதில் கத்தி எடுப்பவனைப் பொறுப்பேற்கச் சொல்வது முறை. அவ்வாறாயின் அவன் ஐந்து வயதில் சூடு வைத்தவரும், பத்து வயதில் வேலைத்தலத்தில் உதைத்தவரும், பதினைந்து வயதில் அடைத்து வைத்து அடித்தவரும் பொறுப்பேற்றே ஆகவேண்டும். இவர்கள் ஒவ்வொருவரும் வளர்ந்த மனிதர்கள். தாமும் இளமையில் அடிபட்டதாக இவர்கள் கூறினால் அதனையும் கேட்கலாம். அதற்காக விடுவித்தல் இயலாது. கொலைஞனுக்கு ஓர் அளவுகோல், குழந்தையை அடித்தவருக்கு மற்றோர் அளவுகோல் என்பது நீதியாகாது. கொலை நிகழ்ந்தபின் செய்தித்தாளில் பொறுப்பைப் பற்றி எழுதும் கரங்கள், அண்டை வீட்டில் ஒரு குழந்தையின் அலறல் கேட்டபோது கதவைத் தட்டியிருக்க வேண்டும். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் அதற்காகவே இருக்கிறது.

சான்றோர் காட்டும் நெறி

தாம்பரத்திற்கு அணித்தேயுள்ள குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். அவர் பாடிய மனுவேந்தன் வரலாற்றை அறியாதார் இலர். அரசிளங்குமரன் அறியாது செலுத்திய தேர்க்காலில் கன்று ஒன்று அகப்பட்டு மடிந்தது. அமைச்சர்கள் கழுவாய் செய்தால் போதுமென்றனர். இன்றைய மொழியில் கூறுவதாயின், தண்டனையைக் குறைப்பதற்குரிய சூழலை எடுத்துரைத்தனர். அரசன் எழுப்பிய மறுவினாவே அவ்வரலாற்றின் உயிர்நிலை: தன் மகன் செய்தால் கழுவாய், பிறன் ஒருவன் செய்தால் கொலைத்தண்டனை என்று ஆளுவது முறையாகுமோ என்றான் அவன்.

மகனைத் தேர்க்காலில் இட்ட செயலை இக்காலத்தார் ஏற்கவேண்டியதில்லை. அவ்வினாவை ஏற்றே தீரவேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை குற்றம் செய்தால் மனநல மருத்துவர் வருகிறார். வழக்கறிஞர் அவன் இளமையின் துயரை ஏடு ஏடாக எடுத்துரைக்கிறார். குடிசைப் பகுதிப் பிள்ளைக்கு அக்கதையை எடுத்துரைப்பார் எவருமிலர். அவனுடைய வறுமையே அவனது குணத்திற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. இரக்கம் காட்டுவதாயின் இருவர்க்கும் காட்டுக. கடுமை காட்டுவதாயின் இருவர்க்கும் காட்டுக என்பதே மனுவேந்தனின் வினா இன்று வேண்டும் விடை.

திருவள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தை ஆராய்தலில் தொடங்கி, கொலைஞரை ஒறுத்தலில் முடிக்கிறார். இவ்வைப்புமுறை கருதத்தக்கது. ஆராயாமல் ஒறுத்தலும் குறை. ஆராய்ந்துவிட்டு ஒறுக்காமல் விடுதலும் குறை. வெருவந்த செய்யாமை அதிகாரத்திலோ, குற்றம் மீண்டும் நிகழாதவாறு தகுந்தபடி தண்டிப்பதையே வேந்தனின் கடனாக அவர் வைக்கிறார்.

மணிமேகலைக் காப்பியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கப்பட்டதை ஒரு காதையே பேசுகிறது. மணிமேகலை சிறையிலிருந்தோர்க்கு அமுதசுரபியால் உணவளித்தாள். அவர்கள் செய்த குற்றம் இன்னதென்று அவள் வினவினாள் அல்லள். குற்றமே இல்லையென்று வாதிட்டாளும் அல்லள். பசித்தவர் முன் உணவை வைத்தாள். சிறை என்பது அடைக்குமிடமாக மட்டுமின்றி மனிதரைத் திருத்துமிடமாகவும் இருக்கலாம் என்னும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. செங்கற்பட்டு இல்லம் போன்றவற்றைச் சீர்செய்ய முனைவோர் அக்காதையைப் படித்துவிட்டுத் தொடங்கலாம்.

கவிஞர் கடன்

இறுதியாகக் கவிஞர்களுக்குரிய ஒரு செய்தி. புறநானூற்றில் கோவூர் கிழார் பாடிய பாடலொன்றின் சூழலை இவ்வவை அறியும். கிள்ளிவளவன், தன் பகைவனான மலையமானின் மக்களை யானைக்காலில் இடத் துணிந்தான். புலவர் இடைபுகுந்தார். அரசன் பிறந்த மரபின் அருளைச் சொன்னார். அச்சிறுவர் பிறந்த குடியின் கொடையைச் சொன்னார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, பின்னர்ப் புதியோர் நிறைந்த அவையைக் கண்டு மருண்டு நின்ற அக்குழந்தைகளின் நிலையைச் சொன்னார். சொல்லி முடித்தபின், கேட்டனையாதலின் இனி விரும்பியதைச் செய்க என்று முடிவை அரசனிடமே விட்டார். குழந்தைகள் உயிர் பிழைத்தனர்.

அக்குழந்தைகள் ஒரு பிழையும் செய்யாதவர்கள். கொலைஞனோ பிழை செய்தவன். ஆகவே அவ்விருவரும் ஒப்பாகார். ஒப்பாவது புலவர் மேற்கொண்ட முறையே. அவர் எதனையும் மறைக்கவில்லை. தீர்ப்பைத் தாமே எழுதவும் இல்லை. தீர்ப்பளிப்பவர் காணத் தவறியதைக் காணச் செய்தார். கொலைஞன் ஒருவனின் கதையை இன்று எழுதும் கவிஞர்க்கும் இவ்வளவே கடன். அவன் ஒரு காலத்தில் அடிபட்டு மருண்டு நின்ற குழந்தை என்பதை எழுதுக. அவன் கரத்தால் மாண்டவருக்கும் ஓர் இளமை இருந்தது, ஒரு தாய் இருந்தாள் என்பதையும் அதே ஏட்டில் எழுதுக. ஒன்றை எழுதி மற்றொன்றை விடுபவர் வழக்கறிஞராகலாம், கவிஞராகார்.

தொகுத்துக் கூறின், இளமையின் கொடுமை கொலைக்கு மன்னிப்பாகாது. அது தண்டனையை அளக்குமுன் கேட்டே ஆகவேண்டிய சான்று. அதற்கும் மேலாக, சமுதாயம் காலத்தில் செலுத்தத் தவறிய கடன். கடன்பட்டவர் பலர் இருக்க, கடைசியில் பிடிபட்டவன் ஒருவனிடமே முழுவதையும் வசூலித்துக் கணக்கை முடிப்பது எளிது. அவன் பங்கை அவன் செலுத்தட்டும். ஏனையோர் தம் பங்கைச் செலுத்தும் நாளில், செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் வண்டியில் அழைத்துச் செல்லப்படும் சிறுவர்களின் எண்ணிக்கை குறையும். சென்றவர்கள் உயிரோடும் உருவோடும் திரும்பி வருவர்.

பத்தாண்டுகள் தமிழை வளர்த்துவரும் இவ்வட்டம் அக்கடனை நினைவூட்டும் பணியையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளுமாக.